மருத்துவ நூலகருக்கும் பயிற்சி நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் நூலகத்துக்குப் பணம் ஒதுக்கும்போது தரவுத்தளச் சந்தா, கணினி, மென்பொருள் எல்லாம் பட்டியலில் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றைக் கையாளும் நூலகரின் பயிற்சியோ ‘அடுத்த வருசம் பார்ப்போம்’ என்று கடைசிக்குப் போய்விடுகிறது. இதனால் கெடுவது நூலகரின் பதவி உயர்வு மட்டுமல்ல, நோயாளிக்குப் போய்ச் சேரும் பதிலும்தான். எப்படிக் கெடுகிறது என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சுகாதாரத் தகவலைத் தேடிப் புரிந்து பயன்படுத்தும் திறன் மூன்று பேரில் ஒருவருக்குக் குறைவு என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே ‘பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்குமா, மாத்திரையை நிறுத்தலாமா?’ என்ற கேள்வி தினமும் ஏதாவதொரு கிளினிக்கில் எழுகிறது. உணவியல் அலுவலரோ இளம் மருத்துவரோ அதை நூலகத்துக்குக் கொண்டுவருகிறார். அங்கே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தரவுத்தளம் எல்லாருக்கும் இலவசம். அதில் பாகற்காயைக் குறிக்கும் ‘பிட்டர் கோர்ட்’ என்று ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் தட்டினால் சில நூறு கட்டுரைகள் வந்து விழும். பார்ப்பவர் வேலை முடிந்தது என்று நினைப்பார். ஆனால் மேற்கோள் குறி போட்ட அந்தக் கணமே, நாம் தட்டும் சொல்லை அதன் உறவுச் சொற்களோடு தானாகச் சேர்த்துத் தேடும் வசதியை பப்மெட் நிறுத்திவிடுகிறது. சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டாலும் அப்படித்தான். பாகற்காய்க்கு ஆய்வுக் கட்டுரைகளில் பெயர்கள் பல. பிட்டர் மெலன் என்பார்கள், பால்சம் பேர் என்பார்கள், கரேலா என்பார்கள். மலாயில் பெரியா, பிலிப்பீன்ஸில் அம்பலாயா. இவை அனைத்துக்கும் பொதுவாக ‘மெஷ்’ எனப்படும் மருத்துவப் பொருள் சொற்பட்டியலில் இருப்பது ‘மொமார்டிகா சரான்ஷியா’ என்ற தாவரவியல் பெயர். பயிற்சி பெற்ற நூலகர் மெஷ் சொல்லை ஒரு வரியிலும், மற்ற பெயர்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடும்படி இன்னொரு வரியிலும் போட்டு, இரண்டையும் ‘அல்லது’ கொண்டு அடைப்புக்குள் இணைப்பார். இனிப்பு நீருக்கும் அதே போல ஒரு தொகுதி. பிறகு இரண்டு தொகுதிகளையும் ‘மற்றும்’ கொண்டு சேர்ப்பார்.

அடைப்புக்குறியை விட்டால் தேடல் பாழ். பப்மெட் இணைப்புச் சொற்களை இடமிருந்து வலமாக வந்த வரிசையிலேயே கணக்கிடும். ‘இனிப்பு நீர் மற்றும் பாகற்காய் அல்லது கரேலா’ என்று அடைப்பில்லாமல் கொடுத்தால், இனிப்பு நீரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கரேலாக் கட்டுரைகள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

இதைவிடப் பெரிய பிழை, பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் ஒரு பிழை. இடப்பக்கத்தில் ‘மனிதர்கள்’ என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. எலி ஆய்வுகளைக் கழிப்பதற்காகப் பலரும் அதைச் சொடுக்குகிறார்கள். அந்த வடிகட்டி, கட்டுரைக்கு இட்ட மெஷ் குறியீட்டை நம்பி இயங்குவது. இன்னும் குறியீடு ஏறாத புதுக் கட்டுரைகளும், பப்மெட்டின் மையத் தொகுப்பான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். நம் வட்டார இதழ்களில் பல அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. அதாவது, நம் மக்களைப் பற்றி நம் நாட்டிலேயே செய்த ஆய்வுதான் முதலில் காணாமல் போகும். சரியான வழி, ‘மனிதர்கள் இல்லாமல் விலங்குகள் மட்டும் உள்ளவற்றை நீக்கு’ என்று எதிர்மறையாக எழுதுவது. ஒரே வரிதான், ஆனால் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். 2022 முதல் மெட்லைனில் குறியீடு இடும் வேலையைக் கணினியே செய்கிறது, மனிதர்கள் தேவையான இடத்தில் மட்டும் சரிபார்க்கிறார்கள். ஆதலால் மெஷ் சொல்லை மட்டும் நம்பித் தேடுவது முன்பைவிடவும் ஆபத்து. பத்தாண்டுகளுக்கு முன் பயிற்சி எடுத்தவருக்கு இந்த மாற்றம் தெரிந்திருக்க வழியில்லை.

பாகற்காய்க் கேள்விக்குப் பதில்? பல சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் திறனாய்வு ஒன்றை மலேசிய ஆய்வாளர்களே செய்திருக்கிறார்கள், 2012இல் புதுப்பிக்கப்பட்டது. அதில் தேறியவை 4 சோதனைகள். பங்கேற்றவர்கள் 479 பேர், நீண்ட சோதனையே மூன்று மாதம்தான். இரண்டாம் வகை இனிப்பு நீருக்குப் பாகற்காய் பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது முடிவு. இதைக் கண்டுபிடித்ததோடு நூலகர் நிறுத்தக்கூடாது. 2012க்குப் பின் வந்ததையும் தேட வேண்டும். அப்போது வெளியீட்டுத் தேதியைக் கொண்டு வடிகட்டாமல், பதிவு பப்மெட்டில் ஏறிய தேதியைக் கொண்டு வடிகட்ட வேண்டும். முந்தைய ஆண்டுத் தேதியோடு தாமதமாக வந்து சேரும் கட்டுரைகள் அப்போதுதான் சிக்கும்.

சந்தா விற்கும் நிறுவனங்கள் தரும் இரண்டு மணி நேர விளக்கத்தில் இவை எதுவும் வருவதில்லை. அங்கே காட்டுவது பொத்தான்களை. அவர்களே தேர்ந்தெடுத்த கேள்வி, அவர்களே ஒத்திகை பார்த்த தேடல், எல்லாம் அழகாக வரும். சந்தா ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: ஆண்டுக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி, அதுவும் நூலகம் கொடுக்கும் உண்மையான கேள்விகளை வைத்து. பயன்பாட்டுக் கணக்கை ‘கவுன்டர்’ என்ற பொது அளவீட்டு முறைப்படி தர வேண்டும் என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள். இப்போது நடப்பில் இருப்பது 5.1 பதிப்பு. அதில் உரிமம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கையும் வரும். எந்த இதழை விடலாம், எதை வாங்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒரு தரவுத்தளத்தில் கற்றதை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் எங்கே இடறும் என்பதும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்று. இரண்டு சொற்கள் அருகருகே வர வேண்டும் என்று கேட்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஓவிட் தேடுதளத்தில் ‘ஏடிஜே 3’ என்றால் நடுவில் இரண்டு சொற்கள் வரை இருக்கலாம். எப்ஸ்கோ தேடுதளத்தில் ‘என் 3’ என்றால் நடுவில் மூன்று. பப்மெட்டில் அலைக்குறியோடு 3 போட்டாலும் மூன்று. அதாவது ஓவிடின் 3க்கு ஈடு மற்ற இரண்டிலும் 2. பப்மெட்டில் இந்த வசதி வந்ததே 2022 கடைசியில்தான், அதிலும் நட்சத்திரக் குறியைச் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவின் போண்ட் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘பாலிகிளாட்’ கருவி, ஒரு தரவுத்தளத்தின் தேடலை இன்னொன்றின் இலக்கணத்துக்கு மாற்றிக் கொடுக்கும். அருமையான கருவி. ஆனால் அது மாற்றுவது குறிகளை மட்டும். மெஷ் சொல்லை எம்பேஸ் தரவுத்தளம் பயன்படுத்தும் ‘எம்ட்ரீ’ சொல்லாக அது மாற்றாது. தெரியாமல் ஒட்டினால் அந்த வரிக்கு விடை பூச்சியமாகவோ பாதியாகவோ வரும்.

பிழையைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, இன்னொரு நூலகரிடம் காட்டுவது. அதற்கென்றே ‘பிரெஸ்’ என்ற வழிகாட்டி இருக்கிறது, 2015இல் திருத்தியது. ஆறு விசயங்களைப் பார்க்கச் சொல்கிறது: கேள்வி தேடலாகச் சரியாக மாறியதா, இணைப்புச் சொற்கள் சரியா, பொருள் சொற்கள் போதுமா, சாதாரணச் சொற்கள் விடுபட்டனவா, எழுத்துப்பிழையும் வரி எண் பிழையும் உண்டா, வடிகட்டிகள் நியாயமா. வரி எண் பிழை அற்பமாகத் தோன்றும். ஐந்தாம் வரியையும் ஆறாம் வரியையும் சேர்க்க வேண்டிய இடத்தில் நான்கையும் ஆறையும் சேர்த்துவிட்டால் மொத்தத் தேடலும் வீண். எழுதியவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

நாட்டின் வடக்கே இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் ஆர்.சி.எஸ்.ஐ.-யு.சி.டி. மலேசிய வளாகம் இருக்கிறது, காக்ரேன் மலேசியாவின் இருப்பிடமும் அதுவே. பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவ, பல் மருத்துவக் கழகம். கெடா எல்லைக்குள் பீடோங்கில் நம் சமுதாயம் கட்டியெழுப்பிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். இந்த மூன்று இடத்து நூலகர்களும் மாதம் ஒருமுறை ஒருவர் தேடலை ஒருவருக்கு அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். பினாங்குப் பாலம் கடந்து போகக்கூட வேண்டியதில்லை, ஒரு ஸூம் இணைப்பும் ஒரு மணி நேரமும் போதும். கோலாலம்பூரில் மருத்துவக் கல்லூரிகள் அதிகம், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவர் பேராசிரியர் டி.ஜே. தனராஜ் பெயரைத் தாங்கிய மருத்துவ நூலகமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே இதைத் தொடங்குவது இன்னும் எளிது.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். யேல் பல்கலைக்கழகத்தின் மெஷ் பகுப்பாய்வுக் கருவியில் நல்ல கட்டுரைகள் இருபதின் பப்மெட் எண்களை ஒட்டினால், அவற்றுக்கு இட்ட மெஷ் சொற்களை அட்டவணையாகத் தரும். விடுபட்ட சொல்லைப் பிடிக்க அது உதவும். பப்மெட்டிலிருந்து ஒரே கோப்பில் 10,000 பதிவுகளுக்கு மேல் இறக்க முடியாது, ஆண்டுவாரியாகப் பிரித்து இறக்குங்கள். தேடல் வரலாறு எட்டு மணி நேரம் தொடாமல் விட்டால் அழிந்துவிடும், அன்றன்றே கணக்கில் சேமிக்க வேண்டும். கட்டுரைகளை இருவர் தனித்தனியே சலிக்க ரையான் செயலி நன்று. மேற்கோள்களைச் சேமிக்க ஸொட்டேரோ மென்பொருள் போதும். அதில் இலவச இடம் 300 எம்பிதான், ஆகவே பி.டி.எஃப். கோப்புகளைச் சொந்தக் கணினியிலேயே வையுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதுவும் உங்கள் சேகரிப்பில் இருந்தால் ஸொட்டேரோ சிவப்பில் எச்சரிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாம்.

செயற்கை அறிவு உரையாடிகளைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். தேடலுக்கு மாற்றுப் பெயர்களைச் சொல்லித் தர அவை பயன்படும். பாகற்காய்க்கு வேறென்ன பெயர் என்று கேட்டால் நாம் மறந்த ஒன்றைச் சொல்லும். மேற்கோள் கேட்டால்தான் சிக்கல். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு, இல்லாத கட்டுரையைத் தரும். சோதிக்க மூன்று படி: கட்டுரையின் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து பாருங்கள், பப்மெட்டின் ஒற்றை மேற்கோள் தேடலில் இதழ், ஆண்டு, முதல் பக்கம் கொடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒத்துவந்தாலும் கட்டுரையைத் திறந்து அந்தச் செய்தி உள்ளே இருக்கிறதா என்று படியுங்கள். மூன்றாவது படியைத்தான் பலரும் விடுகிறார்கள். நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண், பரிசோதனை முடிவு எதையும் அந்தப் பெட்டியில் ஒட்டவே கூடாது.

இனி, தமிழர்களான நமக்கே உரிய ஒரு வேலை. இதை வேறு எந்த நாட்டுப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தராது.

தமிழில் சுகாதாரக் கையேடுகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பல காலமாக அச்சிட்டு வருகிறோம். ஆனால் கணினியில் தேடினால் கிடைக்காது. பழைய கையேட்டின் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். தமிழ் வராது, ஐரோப்பிய எழுத்துகள் தாறுமாறாகக் கலந்து வரும். காரணம், அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. திரையில் தமிழ், உள்ளே வேறு. கணினித் தமிழுக்கு முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் நம் சுகாதாரக் கையேடுகள் இன்னும் தேட முடியாமல் கிடப்பது சரியில்லை.

வழி இதுதான். மூல எழுத்துருவின் பெயரைக் கோப்பின் பண்புகளில் பார்த்து, அதற்குரிய மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். மூலக் கோப்பே இல்லையென்றால் தாளை 300 டி.பி.ஐ. அளவில் வருடி, டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். மாற்றி முடித்ததும் மருந்தளவு வரும் ஒவ்வோர் இடத்தையும் இருவர் உட்கார்ந்து அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். 0.5 மில்லிகிராமில் புள்ளி போனால் அது 5 ஆகிவிடும். புதிதாக அச்சிடுகிறவர்கள் அச்சகத்திடம் பி.டி.எஃப். மட்டும் வாங்காமல் யூனிகோட் உரைக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அச்சுக்கூலியோடு கேட்டால் தருவார்கள், பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் அவர்களிடமே இருக்காது.

யூனிகோட் ஆக்கினாலும் ஒரு கண்ணி உண்டு. ‘நோய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பல மென்பொருள்களுக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘கொழுப்பு’, ‘தொற்று’ இரண்டுக்கும் இதே கதி. தரவை ஏற்றும் முன் என்.எஃப்.சி. என்னும் சீராக்கத்தில் ஓட்டினால் இது சரியாகிவிடும். ஆனால் ‘ஔடதம்’, ‘சௌக்கியம்’ போன்ற சொற்களில் ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். அதை எந்தச் சீராக்கமும் பிடிக்காது. தனியாகத் தேடித் திருத்தத்தான் வேண்டும். நூற்பட்டியலுக்குக் கோஹா மென்பொருள் வைத்திருக்கும் நூலகங்கள் அதன் ஸெப்ரா தேடுபொறியை ஐ.சி.யு. என்னும் யூனிகோட் முறையில் அட்டவணையிடும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்புகள் பட்டியலில் இருந்தும் தேடலில் வராது.

பெயர் வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். நாம் இனிப்பு நீர் என்கிறோம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய், பாடநூலில் நீரிழிவு, இலங்கையில் சலரோகம். நூற்பட்டியல் பதிவில் பொருள் தலைப்புக்குரிய 650ஆம் புலத்தில் மெஷ் சொல்லைப் போட்டு இரண்டாம் சுட்டியை 2 என்று குறியுங்கள். கட்டுப்பாடற்ற சொற்களுக்குரிய 653ஆம் புலத்தில் இந்த நான்கு தமிழ்ப் பெயர்களையும் சேருங்கள். பாட்டி எந்தச் சொல்லைச் சொன்னாலும் பேரன் தேடினால் கையேடு கிடைக்கும். ஏற்கெனவே தமிழில் உள்ள நல்ல சரக்கையும் இணைக்கலாம்: காக்ரேன் திறனாய்வுகளின் எளிய நடைச் சுருக்கங்கள் சில தமிழிலும் மலாயிலும் உண்டு, சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் அரசுகளே தமிழில் வெளியிடுகின்றன. எடுக்கும் முன் மருந்தின் பெயரும் அவசரத் தொலைபேசி எண்ணும் நம் நாட்டுக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆம்புலன்ஸுக்கு நமக்கு 999, அவர்களுக்கு வேறு.

பணம் எங்கே என்று நிர்வாகம் கேட்கும். 10 பேரோ அதற்கு மேலோ மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் தனியார் மருத்துவமனையும் கல்லூரியும் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் நூலகரின் பயிற்சிக்கும் உரியதுதான். விண்ணப்பம் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே போக வேண்டும், முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி என்பது 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே உண்டு. அந்த ஏழு நாளும் பொதுவான ஊக்க உரைகளிலேயே கழிந்துவிடாமல், குறைந்தது மூன்று நாளைத் தேடல் திறனுக்கு ஒதுக்கும்படி கேட்கிறோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் பாடங்கள் இணையத்தில் இலவசம். ஒவ்வொன்றும் சிறியது, தேநீர் வேளையில் ஒன்றை முடித்துவிடலாம்.

பணத்தைவிடப் பெரிய தடை ஆள். பல மருத்துவமனை நூலகங்களில் ஒரே ஒருவர்தான். அவர் பயிற்சிக்குப் போனால் கதவைப் பூட்ட வேண்டும், பூட்டினால் புகார் வரும். அதனால் அவர் போவதே இல்லை. மாதம் இரண்டு மணி நேரம், குறித்த ஒரு நாளில், பதிவேட்டுப் பிரிவிலிருந்தோ நிர்வாக அலுவலகத்திலிருந்தோ ஒருவரை முகப்பில் உட்கார வைத்தால் போதும். இரவல் வாங்குவதும் கொடுப்பதும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அந்த இரண்டு மணி நேரத்தில் நூலகர் ஒரு கேள்வியை எடுத்து, தேடி, இன்னொருவரிடம் காட்டித் திருத்தி, தேடல் வரியையும் தேதியையும் கிடைத்த எண்ணிக்கையையும் எழுதி வைக்கட்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு தேடல்கள் கையில் இருக்கும், பயிற்சி நடந்ததா என்பதற்கு நிர்வாகத்துக்கு அதுவே கணக்கு. முதல் மாதத்துக் கேள்வியாகப் பாகற்காயையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் மாதத்துக்கு வெந்தயம் காத்திருக்கிறது, மெஷ் பட்டியலில் அதற்குப் பெயர் ட்ரிகோனெல்லா.

இப்படிக்கு,
மருத்துவ நூலகப் பணியில் உள்ளோர் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு